எடுக்காதே 5

இருநூற்றுப் பதினாலு பேர் இரண்டிரண்டாக இருக்கிறார்கள் என்று போன் சொன்னது. ஆவுடையம்மாள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி மறுபடியும் பார்த்தாள். இருநூற்றுப் பதினாலுதான். பள்ளிக்கூட ஆபீசில் இருபத்தோரு வருஷம் கிளார்க்காக உட்கார்ந்திருப்பவள் போனில் சொந்தக்காரர்களா சேருவார்கள், அம்மாக்கள்தான் சேருவார்கள். ராகவி அம்மா 6ஏ, ராகவி அம்மா 7ஏ, ராகவி அம்மா 8சி. பிள்ளை வகுப்பு ஏற ஏற அம்மாவும் கூடவே ஏறிப் போயிருக்கிறாள், பழைய வகுப்பில் உட்கார்ந்திருந்த அம்மாவை யாரும் எழுப்பிவிடவில்லை. ஒருத்திக்கும் சொந்தப் பேர் கிடையாது. அட்மிஷன் படிவத்தில் இருக்கும், ஆவுடையம்மாளே தன் கையால் எழுதியிருப்பாள், ஆனால் போனில் ஏற்றும்போது பேராவது ஒன்றாவது, பிள்ளை பேர், அம்மா, வகுப்பு, அத்தோடு சரி. போன வாரம் எச்.எம். மேடம் கொடுத்த செய்தியை எல்லாருக்கும் ஒரே தட்டில் அனுப்பியதில் சில வீடுகளுக்கு அது மூன்று தடவை போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு அப்பா கட்டம் போட்ட லுங்கியோடு ஆபீஸ் வாசலில் வந்து நின்று, "ஒரு மட்டம் சொன்னா எங்களுக்கு வெளங்காதுன்னு நெனச்சியளா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இன்றைக்குச் சனிக்கிழமை, பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் காலி. "ஒரு மணிக்குள்ள அந்த லிஸ்ட்டைச் சுத்தம் பண்ணிருங்க ஆவுடை, மீட்டிங் மெசேஜ் இன்னைக்கே போகணும்" என்று சொல்லிவிட்டு மேடம் பக்கத்து அறைக்குள் போய்விட்டார். பிள்ளைகள் இரைச்சல் இருந்தால் மனசுக்கு ஒரு மறைப்பாவது இருக்கும். இன்றைக்கு அதுவும் இல்லை, மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

ஒன்றிணைக்கவா என்று போன் கேட்டது. மகன் பெங்களூரிலிருந்து வந்தபோது போனைத் தமிழுக்கு மாற்றிவிட்டுப் போயிருந்தான், அன்றிலிருந்து அது கலெக்டர் ஆபீஸ் கடிதம் மாதிரிப் பேசுகிறது. இணை. இணை. இணை. ராகவி அம்மாக்கள் மூன்று பேரும் ஒருத்தியானார்கள். முகமது ஃபர்ஹான் அம்மாவும் ஃபர்ஹான் அம்மா ஊதா ஸ்கூட்டியும் ஒருத்தியானார்கள். வீடு, வீட்டுக்காரர், அவர் புது நம்பர், மூன்றும் சேர்ந்து ஒரு புருஷனாக ஆனது, ஒரு புருஷன் போதும். வேலை நன்றாகத்தான் இருந்தது, கல் பொறுக்கிப் போட்டு அரிசி புடைக்கிற சுகம் அதில் இருந்தது. பல்லி டாக்டர் என்று ஒரு பேர் வந்தது. பல் டாக்டரைத்தான் அவசரத்தில் அப்படி அடித்திருக்கிறாள், தனியாக உட்கார்ந்து சிரித்தாள். பிறகு எடுக்காதே 1 வந்தது. எடுக்காதே 1 லோன் வேண்டுமா என்று கேட்கிற பெண். எடுக்காதே 2 இன்ஷூரன்ஸ். 3 வந்து நாங்குநேரிப் பக்கம் பிளாட் விற்கிறவன், தங்கமான குரல் அவனுக்கு, அந்தக் குரலுக்காகவே ஒரு தடவை கால்மணி நேரம் கேட்டிருக்கிறாள். 4 அதே ஆள், வேறு நம்பர். நாலு வரைக்கும் வந்த கட்டைவிரல் அதற்குக் கீழே போகாமல் நின்றது. ஐந்தை இங்கே காணோம், இது பேர் ஒன்றாக இருக்கிறவர்களின் வரிசை, நம்பர் ஒன்றாக இருக்கிறவர்கள் கடைசியில் தனியாக வருவார்கள் என்று மேலேயே எழுதியிருக்கிறது. வரட்டும். வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள், தாகம் ஒன்றும் இல்லை.

சுபாஷினி அம்மா 8பி. அதற்குக் கீழேயே, சுபாஷினி அம்மா 8பி புதுசு. இது வரும் என்று அவளுக்குத் தெரியாதா, காலையில் மேடம் லிஸ்ட் என்று வாயெடுத்தபோதே தெரிந்துவிட்டதே. இரண்டும் ஒரு விரல்கடை தூரத்தில் இருக்கின்றன. ஒரு விரல்கடை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அன்றைக்கும் இப்படித்தான் இருந்திருக்கும், மேலே உள்ளதைத் தட்டினாள், மணி போனது, யாரும் எடுக்கவில்லை, இன்னொரு தடவை தட்டினாள், எடுக்கவில்லை, அப்புறம் டி.சி. வாங்க ஆட்கள் வந்துவிட்டார்கள், அப்புறம் மறந்துவிட்டாள். கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்கியிருந்தால் புதுசு என்று அவளே அடித்த எழுத்து நின்றிருக்கும். அதற்கு மூன்று மாதம் முன்னால்தான் அந்த அம்மா நம்பர் மாறிவிட்டது என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்ததை அவள்தான் வாங்கினாள், அவள்தான் ஏற்றினாள், பழையதை அழிக்கச் சோம்பல், புதுசு என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துவிட்டு விட்டுவிட்டாள். தையல் வகுப்பில் மெஷின் ஊசி அந்தப் பிள்ளையின் ஆள்காட்டி விரலில் இறங்கி முனை ஒடிந்து உள்ளேயே இருந்துவிட்டது. பெற்றவர்கள் வராமல் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகக் கூடாது என்பது பள்ளிக்கூடத்து உத்தரவு, முன்னால் ஏதோ ஒரு தகராறில் போட்டது. தையல் டீச்சர் ஜெபக்கனி ஓடி வந்தாள். பதினொன்று பத்து. கையெல்லாம் அந்தப் பிள்ளையின் ரத்தம். "யக்கா, சுபாஷினி அம்மைக்கு ஒரு போன் அடிங்க, எனக்குப் பின் கட்டடத்துல பிராக்டிகல் டூட்டி, நாலு மணி வரைக்கும் அசைய முடியாது, பாத்துக்கிடுங்க யக்கா" என்றாள். மேஜையில் கொய்யாப்பழம் நறுக்கி மிளகாய்ப்பொடி தூவி வைத்திருந்தது. அவள் கையில் ரத்தம் என்பதால் ஆவுடையம்மாள்தான் ஒரு துண்டை எடுத்து அவள் வாயில் வைத்தாள். மென்றுகொண்டே ஓடினாள். எல்லாம் ஞாபகம் இருக்கிறது. மிளகாய்ப்பொடி அவள் மேலுதட்டில் ஒட்டியிருந்தது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. பிள்ளை விரலில் துணி சுற்றிக்கொண்டு நாலு மணி வரை ஓய்வறை பெஞ்சில் உட்கார்ந்திருந்தது, வழக்கமாகப் பிள்ளையைக் கூட்டிப்போக வந்த அம்மாக்காரி பார்த்துவிட்டு வைத்த கூப்பாட்டில் ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் நின்றார்கள்.

விரல் சரியாகிவிட்டது. அதை முதலில் சொல்லிக்கொள்ள வேண்டும், எப்போதும் அதை முதலில் சொல்லிக்கொள்வாள். நகம் மட்டும் கொஞ்சம் கோணலாக வளர்ந்தது, அந்தப் பிள்ளை இப்போது பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டாள், பரீட்சைக்கு முன்னால்கூட ஹால் டிக்கெட் வாங்க வந்து "தேங்க்ஸ் மேடம்" என்று அந்த விரலாலேயே வாங்கிக்கொண்டு போனாள். விரல் சரியாகிவிட்டது, சரியாகாதது வேறு. அன்றைக்குச் சாயங்காலம் மேடம் அறையில் மேடம், தாளாளர் ஐயா, சுவரோரமாக ஜெபக்கனி. "ஜெபக்கனி உங்ககிட்ட வந்து போன் பண்ணச் சொன்னதாச் சொல்றாங்க. சொன்னாங்களா ஆவுடை?" ஆமாம் என்று ஒரு வார்த்தை. ஆமாம் மேடம், அடித்தேன், பழைய நம்பருக்கு அடித்துவிட்டேன், தப்பு என் மேல் என்று நாலு வார்த்தை. அந்த மாதம் ஆய்வாளர் வர இருந்தார், பத்தொன்பது வருஷம் தற்காலிகமாகக் கிடந்த அவளுடைய பதவிக்கு ஒப்புதல் கேட்ட ஃபைல் தாளாளர் ஐயா மேஜையில்தான் இருந்தது, அவள் கண்ணுக்கு அந்த ஃபைலின் நாடா தெரிந்தது. "சொன்ன மாதிரி ஞாபகம் இல்ல மேடம்" என்றாள். பொய் என்றுகூடச் சொல்ல முடியாத ஒரு பொய், எவ்வளவு பக்குவமாக வந்தது வாயில். அத்தோடு நின்றிருந்தாலும் போயிருக்கும். ஜெபக்கனி திரும்பி, "யக்கா, வந்தேம்லா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, வழி கேட்கிற மாதிரிக் கேட்டாள். அதற்கு இவள் சொன்ன பதில் இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் இந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. "நீ வந்திருந்தா நான் அடிச்சிருப்பேம்லா ஜெபா" என்றாள். ஜெபா என்று வேறு. செல்லமாக. ஜெபக்கனி வாயில் கையை வைத்துக்கொண்டு, "அப்ப நான் வரலையோ?" என்று கேட்டாள். கேட்டது யாரிடம் என்று தெரியவில்லை. திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று தாளாளர் ஐயா சொன்னார்.

"என்ன மேடம், ஃபேன் காத்துலயும் இப்படி வேர்க்கி?" மரகதம் வந்து நின்றாள், அட்டெண்டர், கையில் துடைப்பமும் வாளியும். "ஒண்ணும் இல்ல, வெக்கை" என்றாள் ஆவுடையம்மாள். "போன்ல என்னத்த இவ்வளவு நேரம் பாக்கிய?" "ரெண்டு தடவ இருக்கவங்கள ஒண்ணாக்குதேன்." "என் மருமவ போன்ல நான் ஒரு தடவையாவது இருக்கனான்னு தெரியல, ஒங்களுக்கு ரெண்டு ரெண்டா இருக்காவளாக்கும்" என்று சிரித்துவிட்டு மரகதம் வராண்டாவைக் கழுவப் போனாள். அன்றைக்கு மட்டும் மரகதம் பேங்குக்குப் போகாமல் இந்த வாசலில் நின்றிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. ஒரு ஜோடிக் கண் இருந்திருந்தால் இவள் நல்லவளாக இருந்திருப்பாள். சாட்சி என்று பார்த்தால் போன் ஒன்றுதான் சாட்சி, பதினொன்று பன்னிரண்டுக்கு ஒரு அழைப்பு, பதினொன்று பதின்மூன்றுக்கு ஒரு அழைப்பு, சுபாஷினி அம்மா 8பி, சிவப்பு அம்புக்குறியோடு. அன்றைக்குப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த இரண்டையும் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து நீக்கு என்று கொடுத்தாள். யாராவது கேட்டு அழித்தாளா, யாரும் கேட்கவில்லை. போனை யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. அவளாக, வீட்டுக்குப் போகிற வழியில், காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு செய்தாள். சட்டென்று வந்த பொய்யைப் பயத்தில் வந்தது என்று சொல்லலாம், பஸ்ஸில் செய்ததை எதில் சேர்க்க. இப்போது இந்த இரண்டு சுபாஷினி அம்மாக்களையும் இணைத்தால் எது பழைய நம்பர் என்கிற தடயமும் போய்விடும். இணை என்று கொடுத்தாள். ஒரு சத்தமும் இல்லாமல் ஒருத்தியாகிவிட்டாள், அம்மாக்களில் ஒருத்தி.

திட்டுவாள் என்றுதான் முதலில் நினைத்தாள். வேலை போன பிறகு ஜெபக்கனி போன் வந்தபோது முதல் தடவை எடுத்தது திட்டு வாங்கிக்கொள்ளலாம், வாங்கினால் பாரம் குறையும் என்றுதான். ஜெபக்கனி திட்டவில்லை. "யக்கா, சும்மா ஒண்ணு கேக்கேன். அன்னைக்கு நீங்க மஞ்சச் சேல தான கட்டிருந்திய? மேசைல கொய்யாப்பழம் இருந்துச்சா?" என்று கேட்டாள். கொய்யாப்பழம் இருந்தது என்றால் வந்ததும் உண்மையாகிவிடும். "எனக்கு என்னட்டி ஞாபகம், தெனமும் என்னத்தையாவது நறுக்கி வைக்கத்தான் செய்யேன்" என்றாள் ஆவுடையம்மாள். "அதான் யக்கா நானும் பாக்கேன். வேற என்னைக்கோ தின்னத அன்னைக்குத் தின்னதாச் சேத்துக்கிட்டனோ என்னமோ" என்று ஜெபக்கனி சொன்னாள். அப்புறம்தான் அந்த விஷயத்தைச் சொன்னாள். அவள் அம்மா கடைசி ஆறு வருஷம் மறதி நோயில் கிடந்து போனவள், பெற்ற மகளையே சித்தி சித்தி என்று கூப்பிட்டவள். "எங்கம்மைக்கும் இப்படித்தான் யக்கா ஆரம்பிச்சுது. சொல்லாததச் சொன்னேன் சொன்னேன்னு சாதிப்பா. எனக்கும் அது வந்துட்டோன்னு பயமா இருக்கு." முந்நூறு பிள்ளைகளின் சட்டை அளவை நோட்டைப் பார்க்காமல் சொல்கிறவள் அவள். ஏழாம் வகுப்பில் எவள் வளர்ந்திருக்கிறாள், எவள் இளைத்திருக்கிறாள் என்று பிரேயரில் நின்றபடி சொல்வாள். அப்படிப்பட்டவள் சுக்கு நூறாக உடைந்துபோய் இதைச் சொல்கிறாள், இந்தப் பக்கம் இவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "அதெல்லாம் இருக்காதுட்டி, நல்லாத் தூங்கி எந்திரி" என்று சொன்னாள். நல்லாத் தூங்கி எந்திரி. அது ஒன்றுதான் அவளிடமிருந்து ஜெபக்கனிக்குக் கிடைத்த வைத்தியம். மறு வாரமும் வந்தது, அதற்கு மறு வாரமும் வந்தது, அதே மஞ்சள் சேலை, அதே கொய்யாப்பழம், புதிதாக ஒன்று, "நீங்க எனக்கு ஒரு துண்டு ஊட்டி விட்டிய யக்கா, இல்லையா?" அன்றைக்கு வைத்த பேர்தான் எடுக்காதே 5. லோன்காரி, இன்ஷூரன்ஸ்காரன், பிளாட்டுக்காரன், அதற்கடுத்து ஜெபக்கனி. பேர் மாற்றின பிறகு மணி அடிக்கும்போது அவ்வளவு வலிக்கவில்லை, அது உண்மை, அதுதான் இன்னும் அசிங்கம்.

வாட்ஸப்பில் ஒரு குரல் செய்தி வந்தது, ஆறு மாதம் இருக்கும். வீட்டில் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கேட்டாள், ஒரே தடவைதான் கேட்டாள், ஆனால் முழுசும் மனப்பாடம். "யக்கா, ஒங்களுக்கு வேல இருக்கும், எடுக்க முடியாதுன்னு தெரியும். மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி ஸ்கேன் எடுத்தாவ. டாக்டரு ஒண்ணும் இல்லம்மா, நல்லா இருக்கியன்னுதான் சொன்னாரு. எங்க வீட்டுக்காரரும் அதையேதான் சொல்லுதாவ. நான் கேட்டேன், அப்ப சொல்லாததச் சொன்னேன்னு நெனச்சேனே, அது எப்படி டாக்டர்னு. அவரு மணிய அடிச்சு அடுத்த ஆளக் கூப்பிட்டுட்டாரு. தையல் எல்லாம் விட்டுட்டேன் யக்கா. அளவெடுத்துட்டு மாத்தி வெட்டிருவேனோன்னு கத்திரியவே எடுத்து உள்ள வச்சுட்டேன். கேஸ் அடுப்ப நிறுத்திட்டு மூணு தடவ போயிப் பாக்கேன். சரி யக்கா, வச்சிருதேன்." எல்லா நோய்க்கும் ஸ்கேனில் ஒரு நிழலாவது தெரியும், இவள் நோய்க்கு இருக்கிற ஒரே ஆதாரம் ஆவுடையம்மாள் வாயிலிருந்து விழுந்த ஒரு வாக்கியம். ஒரு ஆளிடமிருந்து வேலையைப் பிடுங்கலாம், ஊரில் அது நடக்காததா, வேறு வேலை பார்த்துக்கொள்வார்கள். தன் மண்டையைத் தானே நம்ப முடியாமல் செய்துவிட்டாளே. செய்துவிட்டு, அந்த வருஷமே ஒப்புதலும் வந்து, சர்க்கரைப் பொங்கல் வைத்து எல்லா டீச்சருக்கும் கொடுத்தாளே. சாப்பிட்டவர்கள் ஒருத்தரும் ஜெபக்கனி பேரை எடுக்கவில்லை, இவளும் எடுக்கவில்லை. எத்தனை தடவை நினைத்தாயிற்று, இன்றைக்குச் சொல்லிவிடலாம், வெள்ளிக்கிழமை சொல்லலாம், மகன் கல்யாணம் முடியட்டும், ரிட்டயர் ஆன மறுநாள் முதல் வேலையாகப் போய்க் காலில் விழுந்து சொல்லலாம். ஏழு வருஷம் இருக்கிறது ரிட்டயர் ஆக. அதுவரைக்கும் அவள் கேஸை மூன்று தடவை போய்ப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மணி பன்னிரண்டு இருபது. பேர் ஒன்றானவர்கள் எல்லாரும் முடிந்து, நம்பர் ஒன்றானவர்கள் வந்துவிட்டார்கள். பால்காரர், பால்காரர் மகன். கரண்ட் ஆபீஸ், செல்லையா அண்ணன். அப்புறம் அது வந்தது. ஜெபக்கனி டீச்சர், எடுக்காதே 5. இவர்கள் இருவரும் ஒரே நபராக இருக்கலாம். எந்தப் பெயரை வைத்துக்கொள்ள விரும்புகிறீர்கள்? பழைய பேர் சிம் கார்டில் அப்படியே கிடந்திருக்கிறது, இத்தனை நாளும் இரண்டு பேராக இருந்திருக்கிறாள். இரண்டு பேருக்கும் பக்கத்தில் ஒரு வெற்று வட்டம், ஒன்றைத் தொட வேண்டும். ஜெபக்கனி டீச்சரைத் தொட்டால் அடுத்த தடவை மணி அடிக்கும்போது அந்தப் பேர்தான் முகத்துக்கு நேரே வந்து நிற்கும், எடுக்காமல் இருக்க முடியுமா. எடுத்தால் மஞ்சள் சேலை. தவிர்த்துவிடு என்று ஒரு பொத்தான் இருக்கிறதா என்று தேடினாள், இல்லை, அடுத்து என்பது சாம்பல் நிறத்தில் செத்துப்போய் இருக்கிறது, ஒன்றைத் தொட்டால்தான் அதற்கு உயிர் வரும். வராண்டாவில் மரகதம் தண்ணீரை இறைத்துத் தள்ளுகிற சத்தம். பக்கத்து அறையில் மேடம் யாருடனோ போனில் சிரிக்கிற சத்தம். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தும் ஆவுடையம்மாள் முந்தானையைப் போன் மேல் கொஞ்சம் இழுத்து மூடிக்கொண்டு எடுக்காதே 5ஐத் தொட்டாள். இணை. முடிந்தது. அடுத்து யாரோ ஒரு கேபிள்காரர் வந்தார், அவரையும் இணைத்தாள். தொடர்புகள் ஒழுங்குபடுத்தப்பட்டன, நன்றி என்றது போன்.

நன்றியாவது. என்னமோ ஒரு அவசரம் பிடித்து, மேலே தேடுகிற இடத்தில் ஜெ என்று அடித்தாள். ஜெயந்தி அம்மா, ஜெனிபர் அம்மா, ஜெராக்ஸ் கடை. ஜெப என்று அடித்தாள். முடிவுகள் எதுவும் இல்லை. ஜெபக்கனி என்று முழுதாக அடித்தாள். முடிவுகள் எதுவும் இல்லை. பத்தொன்பது வருஷம் ஒரே டப்பாவில் சோறு பகிர்ந்து சாப்பிட்டவள், இவள் ஆபரேஷனுக்குப் படுத்த நேரம் தலைமாட்டில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தவள், அப்படி ஒருத்தி இந்தப் போனில் இல்லை. லோன்காரிக்கும் கேபிள்காரருக்கும் இருக்கிற இடம் அவளுக்கு இல்லை. வெட்கம் என்றால் வெட்கம், பயம் என்றால் பயம். பழைய நம்பரைத் தட்டியதும் இதே விரல், பஸ்ஸில் அழித்ததும் இதே விரல், இப்போது பேரையும் துடைத்தாயிற்று. எடுக்காதே 5ஐத் திறந்து, திருத்து என்று கொடுத்து, அந்த வார்த்தையை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். ஜெபக்கனி என்று அடிப்பதற்குள் நாலு தடவை தப்பு வந்தது. டீச்சர் என்று சேர்த்தாள். சேமி. சேமித்த கையோடு அழைப்பைத் தட்டினாள், ஒரு மூச்சு விட்டால் மகன் கல்யாணம் முடியட்டும் என்று தோன்றிவிடும் என்று அவளுக்குத் தன்னைப் பற்றித் தெரியும்.

மூன்றாவது மணியில் எடுத்தாள். "யக்கா! ஆவுடையக்காளா? நெசமாவா?" பின்னால் குக்கர் சத்தம். "ஜெபா, நீ வந்த" என்றாள் ஆவுடையம்மாள், சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை. "அன்னைக்குப் பதினொண்ணு பத்துக்கு வந்த. மஞ்சச் சேலதான். கொய்யாப்பழந்தான். நான்தான் ஒனக்கு ஊட்டி விட்டேன். நீ சொன்ன, நான் அடிச்சேன், பழைய நம்பருக்கு அடிச்சிட்டேன்." குக்கர் ஒரு விசில் விட்டு அடங்கியது. "நீங்க நல்லா இருக்கணும் யக்கா" என்றாள் ஜெபக்கனி மெதுவாக. "நான் பயந்து கெடக்கேன்னு யாரோ ஒங்கள்ட்ட சொல்லிருக்காவ. மனசு கேக்காமச் சொல்லுதிய." "இல்லட்டி, நெசமாச் சொல்லுதேன்." "எங்க வீட்ல அவ்வொளும் இப்படித்தான், நீ சொல்லித்தான் இருப்பங்காவ. எல்லாரும் எனக்காகப் பொய் சொல்லுதிய. சிறு பிள்ளைக்குச் சொல்லுத மாரி." "ஜெபா, நான் அன்னைக்குத்தான் பொய் சொன்னேன். மேடத்துக்கிட்ட. ஒம் மூஞ்சியப் பாத்துச் சொன்னேன்." ஜெபக்கனி சிரித்தாள், ரொம்ப நாளைக்கு அப்புறம் கேட்கிற சிரிப்பு. "சும்மா இருங்க யக்கா. ஒங்களுக்குப் பொய் சொல்லத் தெரியுமா? நீங்க இல்லன்னு சொன்னதாலதான நானே நம்புனேன். வேற எவளும் சொல்லிருந்தா விட்டிருப்பனா?"

அதற்கு மேல் அவளால் உட்கார முடியவில்லை. இத்தனை நாளும் வாயைத் திறந்தால் போதும், உண்மை தானாகப் போய்ச் சேர்ந்துவிடும் என்று நினைத்திருந்தாள். அது போய்ச் சேராது. ஆறுதல் என்று வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அவள் மறுபடியும் கேஸைப் பார்க்கப் போய்விடுவாள். பொய்யை எங்கே நின்று சொன்னாளோ, யார் முன்னால் சொன்னாளோ, அங்கே நின்று அதை எடுத்தால்தான் அவள் நம்புவாள். "போன வைக்காத ஜெபா. ஒண்ணும் பேசாத, கேட்டுக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டு ஆவுடையம்மாள் எழுந்தாள். செருப்பு போடாமலே நடந்தாள். வேலை போய்விடுமா, ஒப்புதல் வந்த வேலையை அவ்வளவு லேசில் எடுக்க முடியாது, ஆனால் விளக்கம் கேட்டு ஓலை வரும், டீச்சர்கள் சாப்பாட்டு நேரத்தில் தள்ளி உட்காருவார்கள், மகனுக்குப் பெண் பார்க்கிற இடத்தில் யாராவது சொல்வார்கள், மரகதம் இன்றைக்கே சொல்வாள், வராண்டாவில்தான் நிற்கிறாள், காது நன்றாகக் கேட்கும் அவளுக்கு. திரும்பிவிடலாம், சிக்னல் போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். கழுவிய தரை உள்ளங்காலில் சில்லென்று பட்டது. கதவு திறந்தே இருந்தது.

"முடிஞ்சுதா லிஸ்ட்?" என்றார் மேடம், கம்ப்யூட்டரிலிருந்து தலையை எடுக்காமல். "அது இல்ல மேடம். ஜெபக்கனி டீச்சர் விஷயமா ஒண்ணு சொல்லணும்." "எந்த ஜெபக்கனி?" என்று கேட்டார் மேடம். அவர் நடிக்கவில்லை, நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தார். ஆவுடையம்மாள் போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, வராண்டாவுக்குக் கேட்டால் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னாள். "தையல் டீச்சர் ஜெபக்கனி மேடம். சுபாஷினிங்கிற பிள்ளை விரல்ல ஊசி ஏறுன அன்னைக்கு, அவ எங்கிட்ட வந்து அவங்க அம்மாவுக்குப் போன் பண்ணச் சொன்னா. பதினொண்ணு பத்துக்கு வந்து சொன்னா. நான் பழைய நம்பருக்கு அடிச்சிட்டு மறந்துட்டேன். நீங்களும் தாளாளர் ஐயாவும் கேட்டப்போ ஞாபகம் இல்லன்னு சொன்னேன், அது பொய். எனக்கு ஞாபகம் இருந்துச்சு. போன்ல இருந்தத நான்தான் அழிச்சேன். அவ சொன்னது எல்லாமே சரி." வராண்டாவில் துடைப்பச் சத்தம் நின்றுவிட்டது. மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "இப்ப எதுக்கு ஆவுடை இது? ரெண்டு வருஷம் கழிச்சு..." என்று ஆரம்பித்தார், அதற்கு மேல் என்ன சொன்னார் என்று தெரியவில்லை, ஸ்பீக்கர் போடாமலேயே போனுக்குள்ளிருந்து ஜெபக்கனியின் குரல் அந்த அறை முழுக்கக் கேட்டது. இவளிடம் பேசவில்லை அவள். போனை எங்கேயோ வைத்துவிட்டு வீட்டுக்குள் ஓடுகிறாள், பாத்திரம் ஒன்று விழுந்து உருள்கிறது. "ஏங்க! ஏங்க, இங்க வாங்களேன்! நான் சொல்லித்தான் இருக்கேன்! அக்கா மேடத்துக்கிட்டயே சொல்லிட்டாவ, நான் போயிச் சொல்லிருக்கேனாம்! எனக்கு ஒண்ணும் இல்லிங்க! எனக்கு ஒண்ணுமே இல்ல!" தனக்கு ஒரு வசவு வரும் என்று ஆவுடையம்மாள் போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றாள். வரவில்லை. புருஷன் அழுகிறாரா சிரிக்கிறாரா தெரியவில்லை, ஜெபக்கனி அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள், அந்தச் சந்தோஷத்தில் ஆவுடையம்மாளைத் திட்ட வேண்டும் என்று அங்கே யாருக்கும் ஞாபகம் வரவில்லை.